சேற்றில் 800 கிலோ புல் கட்டு: எந்த வண்டியில் தூக்குவது?

ஜூன் மாதம், மேற்கு அயர்லாந்து. ஒரு மாட்டுப் பண்ணையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நேற்று மாலைதான் புல்லை அறுத்து, உருட்டி, பிளாஸ்டிக் சுற்றி முடித்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க மழை. விடிந்து பார்த்தால் 4 ஹெக்டேர் வயலில் 100 உருளைக் கட்டுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 800 கிலோ. வயலில் கால் வைத்தால் பூட்ஸ் புதைகிறது.

கட்டுகளை வெளியே எடுத்தாக வேண்டும். ஆனால், எந்த வண்டியை உள்ளே இறக்குவது? பெரிய வண்டியா, சின்ன வண்டியா? ஒவ்வொன்றாகத் தூக்குவதா, டிரெய்லரில் பத்துப் பத்தாக ஏற்றுவதா? கேட்க சாதாரணக் கேள்விபோல இருக்கும். தப்பான பதிலைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த வருடப் புல்லே கைவிட்டுப் போகலாம்.

அந்த உருளைக்குள் என்ன இருக்கிறது?

ஐரோப்பிய வயல் படங்களில் பச்சை, கறுப்பு பிளாஸ்டிக் சுற்றிய பெரிய உருளைகளைப் பார்த்திருப்பீர்கள். அது வைக்கோல் இல்லை, சைலேஜ். நம் ஊர் வேளாண் கையேடுகளில் ‘ஊறுகாய்ப் புல்’ என்று சொல்வார்கள். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஈரப்புல்லைக் காற்றுப் புகாமல் இறுக்கி மூடினால், அதிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும். புளிப்பு ஏறியதும் புல் கெடாது. குளிர்காலம் முழுக்க மாட்டுக்கு அதுதான் சாப்பாடு.

ஒரு கட்டு சுமார் 1.2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் விட்டம். எடை 600 முதல் 900 கிலோ வரை. மேலே 4 முதல் 6 அடுக்கு மெல்லிய பிளாஸ்டிக். உள்ளே இருப்பதைக் காப்பது அந்தப் படலம் மட்டும்தான். ஓர் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே போகும், பூஞ்சை வரும், கட்டு வீணாகும்.

காயும் வரை காத்திருக்கலாமே?

அங்கேதான் சிக்கல். மேற்கு அயர்லாந்தின் பல பகுதிகளில் ஆண்டுக்கு 1,000 முதல் 1,400 மி.மீ. மழை. சென்னையிலும் ஏறக்குறைய 1,400 மி.மீ. பெய்கிறது. ஆனால், சென்னையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்ந்துவிடும். மேற்கு அயர்லாந்தின் சில இடங்களில் வருடத்துக்கு 225 நாட்கள் வரை மழை நாட்கள்தான். ‘நாளைக்குக் காயும்’ என்று நம்பி உட்கார முடியாது.

கட்டுகள் வயலிலேயே கிடந்தால் காக்கைகள் பிளாஸ்டிக்கைக் கொத்திக் கிழிக்கும். கட்டுக்கு அடியில் இருக்கும் புல் மூச்சுமுட்டிச் சாகும். இன்னொரு கணக்கும் உண்டு. பிளாஸ்டிக் சுற்றிய அன்றே நகர்த்திவிட வேண்டும். தவறினால் உள்ளே புளிப்பு முடியும்வரை சில வாரங்கள் தொடாமல் விட வேண்டும். இடைப்பட்ட நாட்களில் தூக்கிப் போட்டால் பிளாஸ்டிக் அடுக்குகள் விலகிக் காற்றுப் புக வாய்ப்பு அதிகம்.

குளிர்காலத் தீவனம் கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை அயர்லாந்து பார்த்திருக்கிறது. 2012 கோடை முழுக்க மழை. போதிய தரமான தீவனம் சேரவில்லை. 2013 வசந்தத்தில் குளிரும் நீண்டுபோக, மாட்டுக்குப் போட ஒன்றுமில்லாமல் பிரிட்டனிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் தீவனத்தை இறக்குமதி செய்தார்கள். அந்தப் போக்குவரத்துச் செலவில் அரசு கைகொடுக்க வேண்டிய நிலை வந்தது.

டயர் மண்ணுக்கு என்ன செய்கிறது?

நல்ல மண்ணில் பாதிக்குப் பாதி வெற்றிடம். அந்த இடைவெளியில்தான் காற்றும் தண்ணீரும் வேரும் இருக்கும். ஈர மண்ணில் கனமான டயர் ஏறினால் இந்த இடைவெளி நசுங்கிவிடும். அப்புறம் தண்ணீர் கீழே இறங்காது, வேர் உள்ளே போகாது. அடுத்த மழைக்கு அதே இடத்தில் தண்ணீர் தேங்கும்.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டயரில் இருக்கும் காற்றழுத்தம் மேல் மண்ணைப் பாதிக்கும். அச்சில் விழும் மொத்த எடை அடி மண்ணைப் பாதிக்கும். மேல் மண் வேராலும் மண்புழுவாலும் ஒருவாறு மீண்டுவிடும். அடி மண் நசுங்கினால் பல வருடம் ஆகும். அகல டயர் போட்டுவிட்டால் எவ்வளவு எடையையும் ஏற்றலாம் என்று நினைப்பது இதனால்தான் தவறு.

இன்னொன்று: பாதிப்பின் பெரும்பகுதி முதல் தடவை டயர் ஏறும்போதே நடந்துவிடுகிறது. அதனால், வயல் முழுக்கக் கோலம் போடுவதைவிட, ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போவது நல்லது.

சரி, என்னென்ன வண்டிகள் இருக்கின்றன?

டிராக்டர், பின்பக்க லிஃப்ட்: டிராக்டருக்குப் பின்னால் இரண்டு உருண்டைக் குழாய்கள். கட்டுக்கு அடியில் நுழைந்து அணைத்துத் தூக்கும். விலை குறைவு, சின்ன டிராக்டர் போதும். ஆனால், ஒரு தடவைக்கு ஒரு கட்டுதான்.

டிராக்டர், முன்பக்க லோடர்: இரண்டு ‘கைகள்’ கட்டைப் பக்கவாட்டில் பிடித்துத் தூக்கும். அடுக்கி வைக்கவும் வசதி. ஆனால், எடை முழுக்கச் சிறிய முன் டயர்கள் மேல் விழும்.

டெலிஹேண்ட்லர்: நீளும் கை கொண்ட லோடர். கொட்டகையில் ராஜா. ஆனால், வண்டி மட்டுமே 7, 8 டன் இருக்கும். சேற்று வயலுக்கு ஏற்ற ஆள் இல்லை.

டிரெய்லர்: 10 கட்டு ஏற்றினால் 8 டன். டிரெய்லரின் எடை 3 டன் என்று வைத்தால் மொத்தம் 11 டன். காய்ந்த வயலில் வேலை சீக்கிரம் முடியும். ஈர வயலில் இரண்டு அச்சில் இந்த எடையை இழுக்கும்போது டிராக்டர் சக்கரம் வழுக்கி, மண்ணைக் குழைத்துவிடும்.

தானே ஏற்றிக்கொள்ளும் டிரெய்லர்: ஓடிக்கொண்டே கட்டை எடுத்துக்கொள்ளும். ஒரே ஆள் போதும். எடைப் பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒன்றைத் தூக்குவதைவிட இரண்டைத் தூக்குவது மண்ணுக்கு நல்லதா?

ஆச்சரியமாக இருந்தாலும், பல நேரங்களில் ஆமாம். ஒரு எளிய கணக்கு பார்க்கலாம்.

5 டன் டிராக்டர். முன் அச்சில் 2 டன், பின் அச்சில் 3 டன். இரண்டு அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர். பின்னால் தூக்கிய கட்டின் நடுப்புள்ளி, பின் அச்சிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. சீசா விளையாட்டு மாதிரிதான்: பின்பக்கம் 800 கிலோ ஏறினால் முன்பக்கம் தூக்கும். முன் அச்சில் 480 கிலோ குறையும். பின் அச்சில் 800 அல்ல, 1,280 கிலோ கூடும். பின் அச்சு 4,280 கிலோ ஆகிவிடும்.

முன்னால் மட்டும் தூக்கினால்? கட்டு முன் அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருந்தால், முன் அச்சு 3,440 கிலோ. அதுவும் சின்ன டயர்கள் மேல். பின் சக்கரம் லேசாகிச் சேற்றில் சுழலும்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று தூக்கினால் சீசா சமன் ஆகிறது. முன் அச்சு 2,960, பின் அச்சு 3,640 கிலோ. அதாவது, இரண்டு கட்டு தூக்கினாலும், அந்தந்தப் பக்கம் ஒரே கட்டைத் தூக்கியபோது இருந்ததைவிட ஒவ்வொரு அச்சிலும் எடை குறைவு! 100 நடை 50 ஆகவும் குறைந்துவிட்டது.

இது உதாரணக் கணக்குதான். ஒவ்வொரு டிராக்டருக்கும் எண்கள் மாறும்; லோடரின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும். ஆனால், விதி மாறாது: எவ்வளவு தூக்குகிறோம் என்பதைவிட, அது எந்த அச்சில் விழுகிறது என்பதே முக்கியம்.

டயரில் எவ்வளவு காற்று?

காருக்கு 32 பி.எஸ்.ஐ. வைப்போம். ரோட்டில் பாரம் இழுக்கும் டிரெய்லர் டயரில் அதைவிட அதிகம். ஈர வயலில் ஓடும் அகலமான ரேடியல் டிராக்டர் டயரை 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு, சிலவற்றை அதற்கும் கீழே இறக்கலாம். டயர் பரந்து உட்கார்ந்து எடையைப் பகிர்ந்துகொள்ளும். எவ்வளவு இறக்கலாம் என்பது டயர் தயாரிப்பாளரின் எடை அட்டவணையைப் பொறுத்தது. குறைந்த காற்றோடு ரோட்டில் வேகமாக ஓட்டினால் டயர் சூடாகிக் கெடும்.

டயருக்குப் பதில் பெல்ட் போடலாமே என்று தோன்றும். காவிரி டெல்டாவில் சேறான வயலுக்கு டயர் வண்டியை விட்டுவிட்டு பெல்ட் வண்டி அறுவடை இயந்திரத்தைத் தேடுவது இதே காரணத்துக்காகத்தான். ஆனால், நெல் அறுத்தபின் அந்த வயலை மறுபடி உழுவார்கள். அயர்லாந்தில் விவசாய நிலத்தின் பெரும்பகுதி நிரந்தரப் புல். பெல்ட் வண்டி திரும்பும்போது புல்லை வேரோடு உரித்துவிட்டால், அதைச் சரிசெய்ய உழவு வராது.

ஈட்டி வேண்டாம்

வைக்கோல் உருளையைக் கூரான இரும்பு ஈட்டியால் குத்தித் தூக்குவது உலகம் முழுக்க வழக்கம். பிளாஸ்டிக் சுற்றிய கட்டில் அதைச் செய்யவே கூடாது. குத்திய இடத்தில் காற்றுப் புகும். ஏற்கெனவே கிழிந்திருந்தால் அதற்கென உள்ள டேப்பை உடனே ஒட்ட வேண்டும். வாடகை வண்டி பேசும்போது முதலில் கேட்க வேண்டியது, ‘முன்னால் என்ன மாட்டியிருக்கிறது?’ என்பதைத்தான்.

சரிவில் உருண்டால்?

உருளை உருளத்தானே செய்யும். 2010 செப்டம்பரில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், சரிவில் உருண்டு வந்த ஒரு பெரிய உலர்புல் கட்டு, சாலையில் போன வேன் மீது விழுந்தது. வேனை ஓட்டிய மைக் எட்வர்ட்ஸ் உயிரிழந்தார். 1970களில் புகழ்பெற்ற ‘எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா’ ராக் குழுவில் செல்லோ வாசித்தவர் அவர்.

எனவே, சரிவான வயலில் கட்டின் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி நிறுத்த வேண்டும். தட்டையான பக்கத்தில் பிளாஸ்டிக் அடுக்கும் அதிகம் என்பதால் கிழியும் வாய்ப்பும் குறைவு. லோடரில் தூக்கியபின் தரையை ஒட்டியே கொண்டுபோக வேண்டும். கட்டை உயரத் தூக்கிச் சரிவில் குறுக்கே ஓட்டினால் டிராக்டரே கவிழலாம்.

வண்டிக்கு முன்னால் ஒரு கேள்வி

உண்மையில் தேர்வு, வண்டி வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வயலில் 20 டன் உலர் புல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுத்த உடனே கட்டினால் அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மொத்தம் 100 டன் சுமக்க வேண்டும். வெயில் கிடைத்து ஒரு நாள் வாடவிட்டு, உலர் பங்கு 40 சதவீதம் வந்தால் மொத்தமே 50 டன்தான். அதே புல், அதே சத்து. பாதிச் சுமை ஆவியாகிப் போய்விட்டது. இதற்கு ஈடான இயந்திரம் எந்தக் கடையிலும் இல்லை.

இரண்டாவது வழி, வயலில் பிளாஸ்டிக் சுற்றாமல் இருப்பது. சுற்றாத கட்டுகளைச் சில மணி நேரத்துக்குள் கொட்டகைக்குக் கொண்டுபோய், அங்கேயே சுற்றலாம். அப்போது ஈட்டியால் குத்தினாலும் பிரச்சினை இல்லை. பிளாஸ்டிக் கிழியும் கவலையும் இல்லை.

கடைசியில், எதைத் தேர்ந்தெடுப்பது?

வயலில் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் டிரெய்லர் உள்ளே போகலாம். இடியாப்பம் மாதிரி மெல்லிய திரியாக உருண்டால் மண் நசுங்கத் தயாராக இருக்கிறது. அப்போது டிரெய்லர் ரோட்டோரம் கேட்டுக்கு வெளியே நிற்கட்டும். காற்றைக் குறைத்த அகல டயர் போட்ட நடுத்தர டிராக்டர், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று, ஒரே தடத்தில் கட்டுகளைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கொட்டகை பக்கத்திலேயே இருந்தால் டிரெய்லரே வேண்டாம்.

கால் புதையும் அளவுக்குச் சேறு என்றால் அன்று எந்த வண்டியும் சரியான வண்டி இல்லை. நூறு கட்டில் நான்கைந்தைக் காக்கை கிழித்தால் டேப் ஒட்டிவிடலாம். நசுங்கிய அடி மண்ணுக்கு ஒட்ட டேப் கிடையாது.