மடவையின் வயிற்றில் ஒரு பூட்டு

பழவேற்காடு கடைத்தெருவில் மீன் அரிந்து கொடுக்கும் அக்காவின் முன்னால் நிற்கிறேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டது. மடவை சினையோடு வரும் காலம். அரிவாள்மனையில் ஒரு மீனின் வயிறு திறக்கிறது. மஞ்சள் சினையைக் கண்டதும் வாங்குபவர் முகம் மலர்கிறது. அடுத்தது ஆண் மீன். உள்ளே பால் உறைந்ததுபோல் வெள்ளையாக இரண்டு கீற்று. அது விந்துப்பை; குடலோடு குடலாக ஓரம் போகிறது. காத்திருக்கும் பூனைக்கு யோகம்.

அந்த வெள்ளைக் கீற்றுக்காகவே குளிரில் நடுங்கியபடி வேலை செய்தார் ஒருவர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த பிரீட்ரிக் மீஷர். 1869-ல், சீழ் படிந்த கட்டுத்துணிகளிலிருந்து டி.என்.ஏ.வை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் இவர்தான். பிறகு ரைன் நதியில் ஏறிவரும் சால்மன் மீனின் விந்தணுவை ஆராய்ந்தார். டி.என்.ஏ.வை இறுகப் பற்றியிருந்த ஒரு பொருள் கிடைத்தது. 1874-ல் அதற்குப் புரோட்டமின் என்று பெயர் வைத்தார். பத்தாண்டு கழித்து ஆல்பிரெக்ட் கோசெல், டி.என்.ஏ.வைப் பற்றும் இன்னொரு புரதமான ஹிஸ்டோனைக் கண்டறிந்தார். 1910-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் உடலின் பெரும்பாலான செல்கள் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2 மீட்டர் டி.என்.ஏ. இருக்கிறது. அது கண்ணுக்கே தெரியாத உட்கருவுக்குள் அடங்குவது ஹிஸ்டோன்களால்தான். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஒரு நூல்கண்டு போல நிற்க, டி.என்.ஏ. அதில் இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக்கொள்ளும். சுற்று தளர்ந்த இடத்தில் மரபணு வேலை செய்யும்; இறுகிய இடத்தில் அடங்கிக் கிடக்கும். செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் மொத்த இழையும் சுருண்டு தடித்த குரோமோசோம்களாகும். இழை சிக்காமல் பங்கு பிரிய அதுவே வழி. பிரிந்த பிறகு மீண்டும் தளரும்.

மடவையின் விந்தணு முதிரும்போது ஹிஸ்டோன்கள் விலகி, புரோட்டமின்கள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. மீன் புரோட்டமினில் மூன்றில் இரண்டு பங்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம். அதற்கு நேர்மின்னூட்டம், டி.என்.ஏ.வுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டினால் உட்கரு கெட்டியாகச் சுருங்கிவிடும். எந்த மரபணுவும் பேசாது. அந்தச் செல் இனிப் பிரியவும் பிரியாது. முட்டைக்குள் நுழைந்த பிறகே பூட்டு திறக்கும். முட்டை புரோட்டமினைக் கழற்றிவிட்டுத் தன் ஹிஸ்டோன்களை மாட்டும். உட்கரு விரியும், டி.என்.ஏ. படியெடுக்கப்படும், ஒரு செல் இரண்டாகும். மீன் குஞ்சின் வாழ்க்கை அங்கே தொடங்குகிறது.

மடவைப் பேரினத்துக்கு அறிவியல் பெயர் முகில். அதன் புரோட்டமினுக்கு முகிலின் என்றே பெயர். லத்தீன் சொல்தான், ஆனாலும் தமிழ்க் காதுக்கு மேகம் நினைவுக்கு வருகிறது. சர்க்கரை நோயாளிகள் உள்ளங்கையில் உருட்டிக் கலந்து போட்டுக்கொள்ளும், மேகம்போல் கலங்கிய இன்சுலினில் இருப்பதும் புரோட்டமின்தான். இன்சுலின் மெல்லக் கரைந்து நீண்ட நேரம் வேலை செய்ய, டென்மார்க்கின் ஹேகடோர்ன் 1936-ல் கண்ட வழி அது. இதய அறுவையின்போது இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினை, அறுவை முடிந்ததும் முறிப்பதும் புரோட்டமின்தான். மீன் விந்திலிருந்து வந்த மருந்து எத்தனையோ பேரை அறுவை மேசையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

மடவை பழவேற்காடு ஏரியில் வளர்ந்தாலும் முட்டையிடக் கடலுக்குத்தான் போக வேண்டும். அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குத் திரும்பும். மணல் அந்த வாயை அடைத்தால் என்ன ஆகும் என்பதைக் கோட்டைக்குப்பத்திலும் லைட்ஹவுஸ் குப்பத்திலும் வலையை வைத்தே சொல்லிவிடுவார்கள். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் மடவையைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்திருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் பாடு முறையில் முறைவைத்து வலை போடும் இந்த ஊர்களின் சோறு ஏரியில்தான் இருக்கிறது. அந்த வெள்ளைக் கீற்றின் பூட்டு திறக்கும் இடமோ கடல். அதனால் முகத்துவாரத்தைத் தூர்வாரக் கேட்கும் மீனவர், உயிரின் முதல் செல் பிரிவதற்கும் சேர்த்தே வழி கேட்கிறார்.