பறப்புப் பாவனையாக்கியில் டிரிம் செய்தல்

பறப்புப் பாவனையாக்கியில் டிரிம் செய்தல் என்பது, வீட்டுக் கணினியில் இயங்கும் பறப்புப் பாவனை மென்பொருளில், பிடியை விடாது இழுத்தோ தள்ளியோ வைத்திருக்கத் தேவையின்றி, விமானம் விரும்பிய வேகத்தில் நிலையாகப் பறக்கும்படி கட்டுப்பாடுகளைச் சரிசெய்தல் ஆகும். 1982 இல் முதற் பதிப்பு வெளியான மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர், 1997 இல் முதலில் வெளியான கட்டற்ற மென்பொருளான பிளைட்கியர் ஆகிய இரண்டிலும் இவ்வசதி உண்டு.

மெய்யான விமானத்தில்

விமானத்தின் மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் வால்பகுதியில் உள்ள எலிவேட்டர் பயன்படுகின்றது. செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் எலிவேட்டரின் பின்விளிம்பில் ஒரு சிறு தகடு பொருத்தப்பட்டிருக்கும். விமானியறையில் உள்ள சக்கரத்தைச் சுழற்றினால் இத்தகடு சாயும். அதன்மீது மோதும் காற்றே எலிவேட்டரை வேண்டிய நிலையில் பிடித்து வைக்கும். விமானியின் கை ஓய்வு பெறும்.

டிரிம் செய்யப்பட்ட விமானம் ஒரு குறிப்பிட்ட வேகத்தை நாடும். பின்னர் எஞ்சின் திறனைக் கூட்டினால், வேகம் அதிகம் மாறாமல் விமானம் மேலேறத் தொடங்கும். எனவே வேகம், எஞ்சின் திறன், இறக்கை மடிப்புகளின் நிலை ஆகியவற்றுள் ஒன்றை மாற்றும்போது பெரும்பாலும் மீண்டும் டிரிம் செய்ய வேண்டும்.

பாவனையாக்கியில் உள்ள வேறுபாடு

மெய்யான விமானத்தில் டிரிம் செய்யும்போது பிடி தானாக நிற்கும் இடமே மாறுகின்றது. வீட்டில் பயன்படும் சாதாரண ஜாய்ஸ்டிக்கில் சுருள்வில் பிடியை எப்போதும் நடுவிற்கே கொண்டுவரும். மென்பொருள், டிரிம் அளவைப் பிடியின் அளவுடன் கூட்டிக்கொள்கின்றது. ஆகவே டிரிம் கூடக் கூட, கையைச் சிறிது சிறிதாக நடுவிற்குத் தளர்த்த வேண்டும். பிடியை இழுத்தபடியே டிரிமையும் கூட்டினால் இரண்டும் சேர்ந்து மூக்கு அளவுக்கு மீறி உயரும். புதிதாகப் பழகுவோரின் விமானம் அலைபோல ஏறி இறங்குவதற்கு இது முக்கியக் காரணமாகும்.

முன்னேற்பாடுகள்

* ஜாய்ஸ்டிக்கின் நடுநிலையையும் எல்லைகளையும் முதலில் அளவுதிருத்தம் செய்ய வேண்டும். நடுநிலை பிசகியிருந்தால் டிரிம் நிலைக்காது.
* கையை எடுத்த பின்னும் பிடியின் அளவு நடுங்கினால், நடுவில் சிறிதளவு செயலற்ற பகுதி அமைக்கலாம். இது பெரிதானால் நுண்ணிய அசைவுகள் இழக்கப்படும்.
* பிளைட்கியரில் விசைப்பலகையின் ஹோம், எண்டு விசைகள் எலிவேட்டர் டிரிமுக்கு உரியவை. ஜாய்ஸ்டிக் பொத்தான்களிலும் இதனை அமைத்துக்கொள்ளலாம்.
* மேலெழுவதற்கு முன் டிரிமைப் புறப்பாட்டுக் குறியில் வைக்க வேண்டும்.

செய்முறை

1. பிடியால் மூக்கை வேண்டிய நிலையில் நிறுத்துக.
2. எஞ்சின் திறனை அமைத்து, வேகம் நிலைபெறும்வரை காத்திருக்க.
3. பிடியை இழுத்துக்கொண்டிருந்தால் மூக்கு மேல் டிரிமும், தள்ளிக்கொண்டிருந்தால் மூக்கு கீழ் டிரிமும் சிறு அளவுகளில் தருக. கூடவே பிடியைத் தளர்த்துக.
4. கையை எடுத்து ஏற்ற இறக்கமானியைப் பார்க்க. முள் சுழியத்தில் நின்றால் டிரிம் சரி.

விமானத்தின் உயரத்தை டிரிமைக் கொண்டே மாற்ற முயல்வது தவறான பழக்கமாகும். மாற்றத்தைப் பிடியால் செய்து, பின்னரே டிரிம் செய்ய வேண்டும்.

பயிற்சி எடுத்துக்காட்டு

புதுச்சேரி விமான நிலையத்தின் 25 ஆம் ஓடுபாதையிலிருந்து செஸ்னா 172 இல் எழுந்து, வலப்புறம் திரும்பி ஏறக்குறைய 305 பாகைத் திசையில் பறந்தால் சுமார் 50 கி.மீ. தொலைவில் செஞ்சி வரும். காற்றில்லாத வானிலையில் 110 நாட் வேகத்தில் இது கால் மணி நேரப் பயணமாகும். ஏறும்போது ஒரு முறையும், 3,000 அடியில் சமநிலைக்கு வந்தபின் மறுமுறையும் டிரிம் செய்ய வேண்டியிருக்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய குன்றுகளைத் தாண்டி மேற்கே தொடர்ந்தால் 814 மீட்டர், அதாவது சுமார் 2,670 அடி உயரமுள்ள திருவண்ணாமலை மலை எதிர்ப்படும். 3,000 அடியில் பறக்கும் விமானத்துக்கும் மலையுச்சிக்கும் இடையே எஞ்சுவது சில நூறு அடிகளே. டிரிம் சரியில்லாமல் நிமிடத்திற்கு 50 அடி வீதம் இறங்கும் விமானம் ஏழு நிமிடத்திற்குள் அவ்விடைவெளியை இழந்துவிடும். எனவே செஞ்சியைக் கடந்ததும் 4,500 அடிக்கு ஏறி மீண்டும் டிரிம் செய்வது நல்ல பயிற்சியாக அமையும்.

வரம்புகள்

சாதாரண ஜாய்ஸ்டிக்கில் காற்றின் அழுத்தத்தைக் கை உணராது. விசையைத் திருப்பித் தரும் ஜாய்ஸ்டிக்குகள் இக்குறையை ஓரளவு நீக்குகின்றன. எனினும் மூக்கின் நிலை, எஞ்சின் திறன், டிரிம் என்னும் வரிசையைப் பழகுவதற்கு எளிய கருவிகளே போதுமானவை.