மலையில் இழுக்காத வண்டி: ஹெட் கேஸ்கட்தானா?

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மவர்களில் பலர் அண்ணன், மைத்துனர் வீட்டு மோட்டார் சைக்கிளில்தான் ஊர் சுற்றுகிறோம். அது மலையேற்றத்தில் திணறினால், "ஹெட் கேஸ்கட் போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்" என்று உடனே சொல்லிவிடுவார்கள். விடுமுறையில் பாதியும் கையிருப்பில் கொஞ்சமும் அதிலேயே போய்விடும். பிரிக்கும் முன் வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய சில சோதனைகளை இங்கே எழுதுகிறேன்.

சிலிண்டருக்கும் அதன் தலைப்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கட். உள்ளே வெடிக்கும் வாயு வெளியேறாமல் காப்பது அதன் வேலை. அது கிழிந்தால் இழுவை குறையும், 'புஸ் புஸ்' என்று சத்தம் வரும், இணைப்பில் எண்ணெய்க் கறை படியும். ஆனால் இதே அடையாளங்கள் வேறு காரணங்களாலும் வரும்.

என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லி. போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகப் போக வேண்டிய தேயிலைத் தோட்டப் பகுதி. அவள் கணவரின் பழைய வார்ப்பிரும்பு புல்லட்டுக்கு இந்தச் சந்தேகம் வந்தது. "மச்சான், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட இந்த வண்டிதான் இருக்கிறது" என்றார். இருவரும் வரிசையாகப் பார்த்தோம்.

முதலில் உயரம். 5,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. நல்ல வண்டியும் அங்கே சற்றுச் சோர்ந்துதான் இழுக்கும். கம்ப்ரஷன் மீட்டரும் குறைத்தே காட்டும்.

அடுத்து, எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டுச் சிறிது தூரம் ஓட்டினோம். கசிவு மேலே ராக்கர் மூடியிலிருந்து வழிந்து வந்தது தெரிந்தது.

பிறகு, ஆறிய இன்ஜினில் ஹெட் இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவி, சாவியைத் திறக்காமல் ஒருவர் கிக்கரை மிதிக்க, மற்றவர் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கசிவு அங்கேதான். எங்களுக்கு வரவில்லை.

ஆனாலும் கிக்கர் எதிர்ப்பில்லாமல் இறங்கியது. பிளக் துளை வழியே ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி சோதித்தோம். கம்ப்ரஷன் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம்; ஏறாவிட்டால் வால்வு, கேஸ்கட், டீகம்ப்ரசர் இவற்றில் ஒன்று. ஏறவில்லை. பழைய புல்லட்டில் கிக்கரை எளிதாக்க இருக்கும் டீகம்ப்ரசரின் கேபிள் இறுகி, அதன் சிறு வால்வு முழுதும் மூடாமல் நின்றிருந்தது. கேபிளைத் தளர்த்தியதும் கிக்கர் கல்லாக நின்றது!

தண்ணீரால் குளிரும் புதிய வண்டிகளில் ரேடியேட்டர் நீர் காரணமின்றிக் குறைவதும், ஆயில் பால் போலாவதும் கேஸ்கட் பழுதின் அடையாளங்கள். ஆனால் மூடுபனி ஊரில் குறுகிய தூரமே ஓடும் வண்டியின் ஆயில் மூடியடியில் மட்டும் வெண்நுரை இருந்தால், அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

கேஸ்கட்தான் என்று உறுதியானால் தள்ளிப்போட வேண்டாம். கசியும் சூட்டு வாயு உலோகத்தையே அரித்துவிடும். புதிய தகடு போடுமுன் ஹெட் சமமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையேல் புதியதும் சீக்கிரம் போய்விடும்.