சன்னம் பட்ட இடத்தைச் சொல்லும் பெனியன்

காயப்பட்ட ஒருவரை உயிரோடு வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது எவ்வளவு பெரிய பாடு என்பது போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். வசதி படைத்த படைகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 2001 தொடக்கம் 2011 வரை களத்தில் காயப்பட்டு இறந்த அமெரிக்கப் படையினரைப் பற்றி ஆராய்ந்த மருத்துவர்கள், வைத்தியசாலைக்குப் போகுமுன் நேர்ந்த, தடுத்திருக்கக்கூடிய மரணங்களில் ஏறத்தாழ 90 வீதத்துக்கு இரத்தப்போக்கே காரணம் என்று கண்டார்கள். விழுந்தது யார், காயம் எங்கே என்று அறியவே நேரம் போய்விடுகிறது.

அந்த நேரத்தைக் குறைக்க, அமெரிக்கக் கடற்படையின் நிதியுதவியோடு 1990களின் பிற்பகுதியில் ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவகத்தில் ஒரு மேலுடுப்பை நெய்தார்கள். அந்தக் குழுவை வழிநடத்திய பேராசிரியர் சுந்தரேசன் ஜெயராமன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

பெனியன் போன்ற அந்த உடுப்பு முழுவதும் ஒரே பிளாஸ்டிக் ஒளியிழை சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஒரு முனையில் ஒளியை விட்டால் மறுமுனைக்கு வரவேண்டும். சன்னம் துளைத்து இழை அறுந்தால் ஒளி வராது. அறுந்த இடத்தில் பட்டுத் திரும்பும் ஒளி எடுக்கும் நேரத்தைக் கொண்டு துளை எங்கே என்று கணிக்கலாம். கூடவே நெய்த மின்கடத்தும் நூல்கள் இதயத்துடிப்பு, மூச்சு, உடல்வெப்பம் ஆகியவற்றை அளக்கும் உணரிகளின் தகவலை இடுப்பில் மாட்டிய சிறு கருவிக்குக் கொண்டுவரும். அது மருத்துவ அணிக்கு அனுப்பும்.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது நெசவுதான். தையற்காரர் கைத்துளைக்காகத் துணியை வெட்டினால் இழையும் வெட்டுப்படும். ஆகவே கைத்துளையோடு சேர்த்து முழு உடுப்பையும் வெட்டாமல், பொருத்தாமல் தறியிலேயே நெய்து எடுத்தார்கள். உணரியும் கணினியும் எத்தனை திறமாக இருந்தாலும், நெசவு அறிந்தவர் இல்லாமல் இது உருவாகியிராது.

குறைகளும் உண்டு. கைகால்களில் படும் காயம் இதற்குத் தெரியாது. துணியைக் கிழிக்காத வெடியதிர்ச்சியும் தெரியாது. அந்த அதிர்ச்சியை அளக்க, தலைக்கவசத்திலும் தோளிலும் மார்பிலும் மாட்டும் வேறொரு சிறு கருவியை 2011 இல் ஆப்கானிஸ்தானில் பயன்படுத்தினார்கள். அழுத்தத்துக்கு ஏற்றபடி பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு எரியும்.

ஒளியிழையை விட்டுவிட்டால் இதே துணி நோயாளியைக் கவனிக்கும் உடுப்பாகிவிடும். குழந்தைகளின் மூச்சையும் துடிப்பையும் கவனிக்கவும் அதைச் சிறிய அளவில் செய்தார்கள். நமக்கு வேண்டியது அந்த வடிவம்தான். நெடுந்தீவிலிருந்து நெஞ்சுவலியோடு படகில் குறிகட்டுவானுக்கு வருபவர் அதை அணிந்திருந்தால், அவர் கரையேறுமுன்பே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை மருத்துவர்கள் அவருடைய நிலையை அறிந்து ஆயத்தமாகலாம்.