கீசர் காயில் மறுபடியும் போச்சா? மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி தண்ணியை அளந்து பாருங்க!



மந்தைவெளியில நான் வாடகைக்கு இருந்த வீட்டுல, ரெண்டே வருஷத்துல ரெண்டு கீசர் காயில் போச்சு. ரெண்டாவது தடவை வந்த மெக்கானிக், பழைய காயிலைக் கழட்டி என் கையில குடுத்தார். காயிலே தெரியல. சுத்தி சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா கெட்டியா படிஞ்சிருந்தது. "காயில் மேல தப்பு இல்ல தம்பி, உங்க போர் தண்ணி அப்படி"ன்னார்.

அதுக்குள்ள நான் என்ன பண்ணியிருந்தேன் தெரியுமா? தண்ணி சரியில்லைன்னு ஈஎம்ஐ போட்டு ஒரு ஆர்ஓ மெஷின் வாங்கிட்டேன். ஆர்ஓ இருக்கறது சமையலறையில, கீசர் இருக்கறது பாத்ரூம்ல! நான் செலவு பண்ண பணத்துக்கும் என் பிரச்சினைக்கும் சம்பந்தமே இல்ல.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறுன்னு வாடகைக்கு இருக்கற பல பேர் இதே தப்பைப் பண்றாங்க. நீங்க பண்ண வேண்டாம்.

டிடிஎஸ் வேற, கடினத்தன்மை வேற

தண்ணியில கரைஞ்சிருக்கற எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்றதுதான் டிடிஎஸ். அதுல கால்சியம், மக்னீசியம் ரெண்டும் எவ்வளவுன்னு சொல்றது கடினத்தன்மை. சோப்பு நுரைக்காம இருக்கறதும், குழாய்ல வெள்ளைக் கறை படியறதும், காயில்ல சுண்ணாம்பு ஏறறதும் இந்த ரெண்டாவது ஆளோட வேலை. பேனா மாதிரி இருக்கற டிடிஎஸ் மீட்டர் இதைத் தனியா காட்டாது. தண்ணியில கிருமி இருந்தாலும் காட்டாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தோட குடிநீர் தரம் (ஐஎஸ் 10500) என்ன சொல்லுது? கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம். வேற வழியே இல்லைன்னா 600. டிடிஎஸ்-க்கு இதே கணக்கு 500, 2000.

கடலோரப் பகுதியில நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினா, கடல் தண்ணி உள்ள வரும். மெட்ரோ வாட்டர் கதை வேற. அது ஏரிகள்ல இருந்தும், நெம்மேலி மாதிரி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள்ல இருந்தும் வருது. பல வீடுகள்ல சம்ப்லயே ரெண்டும் கலந்துடும். அதனால பக்கத்து பில்டிங் ரீடிங் உங்களுக்குப் பொருந்தாது. மே மாச ரீடிங் டிசம்பருக்குப் பொருந்தாது.

அந்த பழுப்பு நிற டெமோ

வீட்டுக்கு வர்ற சேல்ஸ் ஆள் ரெண்டு டம்ளர் தண்ணியில கம்பியை விட்டு கரண்ட் கொடுப்பார். உங்க தண்ணி பழுப்பாகும், அவரோட ஆர்ஓ தண்ணி அப்படியே இருக்கும். "இதையா குடிக்கறீங்க?"ம்பார்.

பயப்படாதீங்க. அந்தப் பழுப்பு, கம்பியில இருக்கற இரும்பு கரைஞ்சு வர்றது. தண்ணியில உப்பு இருந்தா கரண்ட் பாயும், கம்பி கரையும். ஆர்ஓ தண்ணியில உப்பு ரொம்பக் கம்மி, அதனால ஒண்ணும் ஆகல. அந்த ஆர்ஓ டம்ளர்லயே ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொல்லுங்க, அதுவும் பழுப்பாகும்!

குடிக்கறது தனி, குளிக்கறது தனி

*குடிக்க:* டிடிஎஸ் 500-க்குக் கீழ இருந்தா ஆர்ஓ தேவையில்ல. அந்த மாதிரி இடங்கள்ல ஆர்ஓ-வைத் தடை செய்யணும்னு 2019-ல தேசிய பசுமைத் தீர்ப்பாயமே மத்திய அரசுக்குச் சொன்னது. காய்ச்சிக் குடிங்க, இல்லைன்னா யூவி ஃபில்டர் போதும். போர் தண்ணி மட்டும்தான், டிடிஎஸ்ஸும் எகிறுதுன்னா ஆர்ஓ நியாயம். அப்பவும் அது வெளியே தள்ளற தண்ணியைப் பக்கெட்ல பிடிச்சு வீடு துடைக்க வெச்சுக்குங்க.

*குளிக்க, துவைக்க:* இங்கதான் சாஃப்ட்னர். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துட்டு சோடியத்தைக் கொடுக்கும். அதனால டிடிஎஸ் பெருசா குறையாது. "சாஃப்ட்னர் போட்டும் மீட்டர் அதே காட்டுதே"ன்னு சண்டை போடாதீங்க. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னவங்க வீட்டுல இருந்தா, அந்தத் தண்ணியைக் குடிக்க வெக்காதீங்க.

இப்ப கணக்குக்கு வருவோம்

புரியறதுக்காக நான் எடுத்துக்கற தொகைகள் இவை. உங்க கொட்டேஷனைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்க.

- வருஷத்துக்கு ஒரு காயில்: ரூ.1,500
- கீசர் சர்வீஸ்: ரூ.600
- கூடுதல் சோப்பு, டிடர்ஜென்ட் மாசம் ரூ.100: ரூ.1,200

ஆக, உப்புத் தண்ணிக்கு வருஷம் ரூ.3,300 போகுது. 10 வீடு இருக்கற பில்டிங்குக்கு ஒரு சாஃப்ட்னர் ரூ.1,50,000-ன்னு வெச்சுக்கிட்டா, உங்க பங்கு ரூ.15,000. போட்ட பணம் திரும்ப வர நாலரை வருஷம் ஆகும். அப்பப்போ போடற உப்புச் செலவு தனி.

சொந்த வீடு, இன்னும் பத்து வருஷம் இங்கதான் இருக்கப் போறீங்கன்னா தாராளமா போடுங்க. ஆனா 11 மாச அக்ரிமென்ட்ல இருக்கற நீங்க ஏன் போடணும்? அது வீட்டோட சொத்து, உங்க சொத்து இல்ல. ஹவுஸ் ஓனர்கிட்டயும் அசோசியேஷன்லயும் பேசுங்க. "சார், அடிக்கடி குழாயும் கீசரும் மாத்தற செலவு உங்களுக்குத்தானே"ன்னு எடுத்துச் சொன்னா பல பேர் கேப்பாங்க.

வாடகைக்கு இருக்கறவங்களுக்கு அந்த ரூ.600 சர்வீஸ்தான் பெஸ்ட். வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துட்டு, உள்ள இருக்கற மக்னீசியம் கம்பியும் தேஞ்சிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. கீசரைத் தேவைக்கு மேல சூடு ஏத்தாதீங்க, சூடு ஏற ஏற படிவும் ஏறும்.

அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி

வீடு பாக்கப் போகும்போது வாஸ்து பாக்கறோம், பார்க்கிங் பாக்கறோம். பாத்ரூம் குழாயைப் பாருங்க. ஷவர் ஓட்டையெல்லாம் வெள்ளையா அடைச்சிருந்தா விஷயம் தெரிஞ்சுடும். "மெட்ரோ வாட்டரா, போரா, லாரியா? லாரிக் காசு மெயின்டனன்ஸ்ல சேர்த்தியா, தனியா?" இதையும் கேட்டுடுங்க.

ஒரு சின்ன பாட்டில்ல தண்ணி பிடிச்சுட்டு வந்து, சொட்டு சொட்டா விட்டுப் பாக்கற ஹார்ட்னஸ் டெஸ்ட் கிட்ல அளந்து பாருங்க. சிவப்பா இருக்கற தண்ணி எத்தனாவது சொட்டுல நீலமாகுதோ, அதுதான் கணக்கு.

கடைசியா ஒண்ணு. மழைத் தண்ணியில கடினத்தன்மை கிட்டத்தட்ட கிடையாது. 2003-ல இருந்தே தமிழ்நாட்டுல மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்க பில்டிங்லயும் அந்தக் குழாய் இருக்கும். ஆனா அதுல மண் அடைச்சிருக்கான்னு யாராவது பாத்திருக்காங்களா? ஐப்பசி மழைக்கு முன்னாடி அதைச் சுத்தம் பண்ண எல்லா வீட்டுலயும் கொஞ்சம் காசு போட்டா போதும். சாஃப்ட்னர் கொட்டேஷனைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி, இதை முடிச்சுடுங்க.