முதல் மூன்று ஆட்டத்திலும் தோல்வி: கோபப்படலாமா, பொறுக்கலாமா?

கோலாலம்பூர் - லீக் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு சாப்பாட்டுக் கடை. தொலைக்காட்சியில் நாம் ஆதரிக்கும் அணி மூன்றாவது ஆட்டத்திலும் தோற்றுக்கொண்டிருக்கிறது. மேசையில் தே தாரிக் ஆறிப்போகிறது. "முதல்ல கோச்ச மாத்தணும்" என்கிறார் ஒருவர். "இவனுங்களுக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடு" என்கிறார் இன்னொருவர். "இனிமே நான் பார்க்கவே மாட்டேன்" என்று எழுந்து போகிறவர் அடுத்த வாரமும் அதே நாற்காலியில்தான் இருப்பார். கடைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும்.

கிள்ளானில் அது சிலாங்கூர் அணியாக இருக்கலாம். ஐபிஎல் மாதங்களில் சென்னை சூப்பர் கிங்ஸாக இருக்கலாம். வார இறுதி இரவுகளில் ஆர்சனலாகவோ மென்செஸ்டர் யுனைடெட்டாகவோ இருக்கலாம். அணி மாறினாலும் காட்சி மாறுவதில்லை.

இரசிகனின் கோபம் தவறானது அல்ல. ஆனால், தொடக்கத் தோல்விகள் எல்லாம் ஒன்றல்ல. சில அணிகள் மெதுவாகத் தொடங்குகின்றன. சில அணிகள் உண்மையிலேயே மூழ்குகின்றன. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

ஜகார்த்தாவில் வாங்கிய ஐந்து கோல்கள்

நாம் மறந்துவிட்ட ஒரு தோல்வியிலிருந்து தொடங்குவோம். 2010 டிசம்பர் 1ஆம் தேதி, ஜகார்த்தா கெலோரா புங் கர்னோ அரங்கம். ஆசியான் நாடுகளுக்கான சுசுகி கிண்ணப் போட்டியில் மலேசியாவின் முதல் ஆட்டம். இந்தோனேசியாவிடம் 5-1 எனும் கோல் கணக்கில் நம் அணி தோற்றது. பயிற்றுநர் கே. ராஜகோபால். அணியில் பெரும்பாலும் இளைஞர்கள். பலர் அதற்கு முந்தைய ஆண்டு லாவோஸ் சீ விளையாட்டுப் போட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பிறகு நாட்டுக்குக் காற்பந்துத் தங்கம் வென்று தந்தவர்கள்.

அந்த இரவு கிண்ணத்தைப் பற்றி யார் நினைத்திருப்பார்கள்? அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்துடன் கோல் ஏதுமின்றி சமநிலை. பிறகு லாவோஸுக்கு எதிராக 5-1 வெற்றி. தாய்லாந்தை இந்தோனேசியா வீழ்த்தியதும் நமக்கு அரையிறுதி வாய்ப்பு கிடைத்தது. அங்கே நடப்பு வெற்றியாளரான வியட்நாமை புக்கிட் ஜாலிலில் 2-0 என்று வென்று, ஹனோயில் 0-0 என்று தாக்குப்பிடித்தார்கள்.

இறுதியாட்டத்தில் எதிரணி அதே இந்தோனேசியா. டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் 3-0. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2 என மலேசியா முதன்முறையாக அந்தக் கிண்ணத்தை வென்றது. டிசம்பர் 31 பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். சாஃபி சாலி ஐந்து கோல்களுடன் போட்டியின் தலைசிறந்த கோல் வேட்டையாளர் ஆனார். நம் எஸ். குணாளனும் அந்த அணியில் இருந்தார்.

டிசம்பர் 1ஆம் தேதி இரவு, சாப்பாட்டுக் கடை மேசையில் பயிற்றுநரை மாற்றும் அதிகாரம் இருந்திருந்தால் டிசம்பர் 29 வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்று ஆட்டம் ஏன் போதாது?

ஒரு சின்னக் கணக்கு. நல்லதும் இல்லை, மோசமும் இல்லை, சரிபாதி ஆட்டங்களை வெல்லக்கூடிய ஓர் அணி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சமநிலை என்பதை இப்போதைக்கு மறந்துவிடுவோம். அந்த அணி தனது முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்பதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு; காசைச் சுண்டி மூன்று முறையும் 'பூ' விழுவது போலத்தான். அப்படிப்பட்ட 16 அணிகள் ஒரு லீக்கில் இருந்தால், யாரும் எந்தத் தவறும் செய்யாமலே சராசரியாக இரண்டு அணிகள் மூன்று தோல்விகளோடு பருவத்தைத் தொடங்கும்.

காற்பந்தில் இது இன்னும் கூடுதல். ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று கோல்கள்தான் விழுகின்றன. கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்து, ஒரு பினால்டி, ஒரு சிவப்பு அட்டை போதும், முடிவு தலைகீழாகிவிடும். பருவம் நீள நீளத்தான் இந்த அதிர்ஷ்டக் கணக்கு சமமாகிறது.

இதோடு தொடக்க நாட்களுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. புதிய ஆட்டக்காரர்கள் வந்திருப்பார்கள். யார் எந்தப் பக்கம் ஓடுவார் என்பது ஒருவருக்கொருவர் இன்னும் பழகியிருக்காது. வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு நம் ஊர் வெயிலும் புழுக்கமும் உடம்பில் ஏற சில வாரங்கள் ஆகும். புதிய பயிற்றுநரின் முறை காகிதத்தில் இருக்கும், காலுக்கு இன்னும் வந்திருக்காது.

ஆனால் ஒன்று. பருவம் குறுகியதாக இருந்தால் பொறுமைக்கும் நேரம் குறைவு. 2020இல் கோவிட் காரணமாக மலேசிய சூப்பர் லீக் 11 ஆட்டங்களாகச் சுருக்கப்பட்டது. 11இல் மூன்று தோல்வி என்பதும், 38இல் மூன்று தோல்வி என்பதும் ஒன்றல்ல.

யாரிடம் தோற்றோம் என்று பாருங்கள்

2021ஆம் ஆண்டு இங்கிலாந்து பிரீமியர் லீக் தொடங்கியபோது ஆர்சனல் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஒன்பது கோல்கள் வாங்கியது. பட்டியலில் கடைசி இடம். நம் ஊர் ஆர்சனல் இரசிகர்கள் வெளியே தலைகாட்ட முடியாத நாட்கள் அவை. ஆனால், அந்த மூன்று எதிரணிகளில் ஒன்று ஐரோப்பிய வெற்றியாளரான செல்சி. இன்னொன்று இங்கிலாந்து வெற்றியாளரான மென்செஸ்டர் சிட்டி. பருவம் முடிந்தபோது ஆர்சனல் ஐந்தாவது இடத்தில் இருந்தது.

2017இல் கிரிஸ்டல் பேலஸ் நிலைமை அதைவிட மோசம். முதல் ஏழு ஆட்டங்களிலும் தோல்வி. ஏழிலும் ஒரு கோல்கூட இல்லை. நான்காவது ஆட்டத்துக்குப் பிறகு பயிற்றுநரை நீக்கினார்கள். புதிதாக வந்த ரோய் ஹோட்சனும் தமது முதல் மூன்று லீக் ஆட்டங்களில் தோற்றார். எட்டாவது ஆட்டத்தில் அப்போதைய லீக் வெற்றியாளர் செல்சியை வீழ்த்தினார்கள். கடைசியில் 11ஆவது இடம். பயிற்றுநரை மாற்றினால் மறுவாரமே வெற்றி வந்துவிடும் என்பது கடை மேசையில் மட்டும் பலிக்கும் கணக்கு.

கிரிக்கெட் பக்கம் வந்தால், 2010 ஐபிஎல்லில் சென்னை அணி முதல் ஏழு ஆட்டங்களில் ஐந்தில் தோற்றது. அதில் நான்கு தொடர் தோல்விகள். கடைசியில் கிண்ணம் தோனியின் கையில்தான் இருந்தது. 2014இல் கொல்கத்தாவும் முதல் ஏழில் ஐந்து தோற்று வெற்றியாளரானது. 2015இல் மும்பை முதல் நான்கிலும் தோற்றுப் பிறகு கிண்ணம் வென்றது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

அப்படியானால் எல்லாத் தோல்விக்கும் பொறுமைதான் மருந்தா? இல்லை. 2025இல் அதே சென்னை அணியைப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் மும்பையை வென்றது. பிறகு ஐந்து தொடர் தோல்விகள். 2010ஐ நினைத்துக்கொண்டு பலர் காத்திருந்தார்கள். அணி மீளவில்லை. 14 ஆட்டங்களில் நான்கே வெற்றி. ஐபிஎல் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடம்.

இரண்டு பருவங்களுக்கும் என்ன வேறுபாடு? 2025இல் தோல்வியின் எண்ணிக்கையைவிட அதன் தன்மை எச்சரிக்கை தந்தது. கோட்டை என்று பேசப்பட்ட சேப்பாக்கம் திடலிலேயே தொடர்ந்து மூன்று தோல்விகள். பெங்களூரு 2008க்குப் பிறகும், டெல்லி 2010க்குப் பிறகும் அங்கே முதன்முறையாக வென்றன. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர்களில் 103 ஓட்டங்கள்தான் வந்தன; கொல்கத்தா அதைப் பாதி நேரத்தில் எட்டிவிட்டது. தொடக்க ஓவர்களில் ஓட்டம் வரவில்லை என்ற அதே குறை ஆட்டத்துக்கு ஆட்டம் திரும்பி வந்தது. அதோடு அணித் தலைவர் ருதுராஜ் காயத்தால் விலகினார்.

ஆக, பார்க்க வேண்டியவை இவை. சொந்தத் திடலிலேயே தோற்கிறார்களா? தோல்வியின் அளவு ஆட்டத்துக்கு ஆட்டம் பெரிதாகிறதா? வாய்ப்புகளை உருவாக்கி வீணடிக்கிறார்களா, அல்லது வாய்ப்பே உருவாகவில்லையா? ஒரே தவறு மூன்று முறை நடக்கிறதா? உருவாக்கி வீணடிக்கும் அணி பெரும்பாலும் மீண்டுவிடும். வாய்ப்பே உருவாக்காத அணிக்குத்தான் நோய்.

திடலுக்கு வெளியே இருக்கும் நோய்

நம் நாட்டுக் காற்பந்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா? மாதக்கணக்கில் சம்பள பாக்கி என்பது மலேசிய லீக்கில் பல குழுக்களை அரித்த பழைய நோய். 2023 பருவத்துக்கு மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் ஆகிய இரு குழுக்களுக்கும் உரிமம் கிடைக்கவில்லை. நிதி நிலைமைதான் காரணம். வீட்டு வாடகை கட்ட முடியாமல் திடலுக்கு வருகிறவனைப் பார்த்து "சோம்பேறி" என்று கத்துவதில் அர்த்தமில்லை. அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் நிர்வாக அலுவலகம்.

நம்முடையது என்று ஓர் அணி இருந்தது

இதை நாம் பேச வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்து சங்கத்தின் மீஃபா அணி 2017இல் பிரீமியர் லீக்கில் ஆடியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் கால் வைத்தது. பயிற்றுநராக இருந்தவர் கே. தேவன், சிலாங்கூர் அணிக்கு 2009, 2010 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் லீக் பட்டத்தை வாங்கித் தந்தவர்.

தோட்டத்துத் திடல்களில் வெறுங்காலோடு பந்து உதைத்த தலைமுறைக்கு அது சாதாரண விஷயம் அல்ல. ஆர். ஆறுமுகம், சந்தோக் சிங், ராஜகோபால் என்று தனித்தனிப் பெயர்களாகத்தான் நம்மவர்களைப் பெரிய திடல்களில் பார்த்திருந்தோம். இப்போது நம் சமூகம் உருவாக்கிய ஒரு குழுவே நாட்டின் முதல்நிலை லீக்கில் நின்றது.

ஆனால் கிளானா ஜெயா எம்பிபிஜே அரங்கத்தில் பெரும்பாலான ஆட்டங்களில் காலி இருக்கைகளே அதிகம். வென்றபோது "நம்ம டீம்" என்றோம். தோற்றபோது "நான் அப்பவே சொன்னேன்" என்றோம். நான்கு பருவங்கள் சூப்பர் லீக்கில் ஆடிவிட்டு, 2022 பருவத்தோடு அந்தக் குழு விலகிக்கொண்டது. தோற்றுக் கீழிறக்கப்படவில்லை, தானே விலகியது. அந்த முடிவுக்கு இரசிகர்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கோபப்படுவதற்குக்கூட இப்போது அந்த அணி நம்மிடம் இல்லை.

கோபத்தை என்ன செய்வது?

கோபம் இருக்கட்டும். எதிர்பார்ப்பு இல்லாதவனுக்குக் கோபமும் வராது. அதைச் சரியான இடத்தில் வைப்பதுதான் முக்கியம்.

மூன்று ஆட்டம் முடிந்ததும் யாரிடம், எங்கே, எப்படித் தோற்றோம் என்று மட்டும் பாருங்கள். பருவத்தில் மூன்றில் ஒரு பங்கு கடந்த பிறகும் அதே குறை தொடர்ந்தால் அப்போது கேளுங்கள். பெயர் சொல்லி, காரணம் சொல்லி, நிர்வாகத்திடம் கேளுங்கள். ஆட்டக்காரரின் குடும்பத்தையோ, இனத்தையோ, நிறத்தையோ இழுக்காதீர்கள். 20 வயதுப் பையன் ஒருவன் ஆட்டம் முடிந்து பேருந்தில் ஏறியதும் முதலில் எடுப்பது கைப்பேசியைத்தான். நாம் எழுதியதை அவன் படிக்கிறான். அவன் அம்மாவும் படிக்கிறார்.

நம் பிள்ளைகளின் பள்ளி அணிக்கும், வட்டார லீக்கில் ஆடும் தோட்டத்துக் குழுவுக்கும் இதே கணக்குத்தான். அவர்கள் முதல் இரண்டு ஆட்டங்களில் தோற்றுவிட்டு வந்தால், மூன்றாவது ஆட்டத்துக்கு இரண்டு பேரைக் கூடுதலாக அழைத்துக்கொண்டு திடலுக்குப் போங்கள். வென்ற அணியைப் பார்க்கக் கூட்டம் தானாகவே வரும். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்குத்தான் ஆள் தேவை.