வீடாக மாறிய பஸ்ஸுக்கு எந்த கிரீஸ்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிக் குழந்தைகளை ஏற்றிச் சென்று ஓய்ந்துபோன பஸ்ஸையோ, நெடுந்தூரப் பயணிகள் பஸ்ஸையோ மலிவாக வாங்குவார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைத்து வீடாக்கிக் கொள்வார்கள். கிரேஹவுண்டு கம்பெனிக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1954 முதல் 1956 வரை 1001 'சீனிக்ரூஸர்' பஸ்களைக் கட்டியது. அவற்றில் பல, ஓட்டத்திலிருந்து விலக்கப்பட்ட பிறகு இப்படி வீடாயின. மஞ்சள் பள்ளிப் பஸ் வீடானால் அதற்கு 'ஸ்கூலி' என்று செல்லப் பெயர். (அந்த மஞ்சள் நிறம் 1939ஆம் ஆண்டு நியூயார்க்கில் கூடிய ஒரு மாநாட்டில் முடிவானது. வீடான பிறகு வேறு நிறம் பூச வேண்டும் என்று பல மாநிலங்களில் விதி இருக்கிறது.)

கம்பெனியிடம் இருந்தவரை பஸ்ஸுக்கு கிரீஸ் அடிக்க மெக்கானிக்குகள் இருந்தார்கள். இப்போது வீட்டுக்காரரே பஸ்ஸுக்கு அடியில் படுக்க வேண்டும். அதற்கு முன்பு கடைக்குப் போகிறார். அங்கே சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு என்று வரிசையாக கிரீஸ் டப்பாக்கள்! எதை வாங்குவது? நிறத்தைப் பார்த்து வாங்கினால் ஏமாந்து போவோம். பெரும்பாலும் அது வெறும் சாயம்தான். டப்பாவுக்குள் இருப்பது என்ன என்று முதலில் பார்ப்போம்.

கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும் ஒரு பஞ்சு. பஞ்சாக இருப்பது ஒருவகைச் சோப்பு. கொழுப்பு அமிலத்தோடு சோடியம் காரம் சேர்ந்தால் நாம் குளிக்கும் சோப்பு கிடைக்கும். சோடியத்துக்குப் பதிலாக லிதியமோ கால்சியமோ சேர்ந்தால் கிரீசுக்கு ஏற்ற சோப்பு கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகளாக இந்தச் சோப்பு பின்னிக் கிடக்கும். இழைகளுக்கு நடுவே எண்ணெய் தங்கியிருக்கும். கிரீசின் எடையில் நூற்றுக்கு 70 முதல் 95 பங்குவரை எண்ணெய்தான். பேரிங் சுழன்று கிரீசை அழுத்தும்போது எண்ணெய் கசிந்து உலோகங்களுக்கு இடையே புகுகிறது. மசகு வேலையைச் செய்வது இந்த எண்ணெய். சோப்பு அதைக் கீழே ஒழுகிவிடாமல் பிடித்து வைக்கிறது.

இதை நீங்களே பார்க்கலாம். ஒற்றுத்தாளில் ஒரு சிட்டிகை கிரீஸை வைத்து, ஒரு நாள் விட்டுவிடுங்கள். அதைச் சுற்றி எண்ணெய் வட்டம் ஒன்று படர்ந்திருக்கும்.

1942ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் ஏர்ல் என்ற அமெரிக்கர் லிதியம் சோப்பு கிரீசுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகில் மிகுதியாகப் புழங்குவது லிதிய வகைதான். இந்தச் சோப்புக்கு வேண்டிய கொழுப்பு அமிலம் எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? ஆமணக்கு எண்ணெயிலிருந்து! நம் ஊர் மாட்டு வண்டியின் அச்சுக்கு, வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து 'வண்டி மை' என்று போடுவார்களே, அதே எண்ணெய்தான். ஆமணக்கின் கொழுப்பு அமிலத்தில் பன்னிரண்டாவது கார்பன் அணுவில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி ஒட்டிக் கொண்டிருக்கிறது. மற்றச் சாதாரண எண்ணெய்களில் இது கிடையாது. அந்தத் தொகுதி பக்கத்து மூலக்கூறைப் பற்றிக் கொள்வதால் இழைகள் உறுதியாகப் பின்னிக் கொள்கின்றன. உலகிலேயே ஆமணக்கு அதிகமாக விளைவது இந்தியாவில்தான். ஆகவே சிகாகோவில் நிற்கும் ஒரு பஸ்ஸின் அச்சில் குஜராத் வயலின் ஆமணக்கு இருந்தால் வியப்பில்லை.

இனி டப்பாவின் மேல் உள்ள எண்ணைப் பார்ப்போம். என்.எல்.ஜி.ஐ. 2 என்று போட்டிருக்கும். 1933இல் அமெரிக்காவில் தோன்றிய மசகு கிரீஸ் கழகத்தின் சுருக்கப் பெயர் அது. குறிப்பிட்ட எடையுள்ள கூம்பு ஒன்றை 25 டிகிரி செல்சியஸில் உள்ள கிரீசின்மேல் விடுவார்கள். ஐந்து வினாடியில் அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பார்கள். 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர்வரை இறங்கினால் அது 2ஆம் எண். அமெரிக்கர்கள் ரொட்டியில் தடவும் வேர்க்கடலை விழுதின் பதம் என்று சொல்லலாம். எண் ஏற ஏற கிரீஸ் கெட்டியாகும். 000 என்றால் ஏறக்குறைய ஓடும் பதம்.

இந்த எண் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்கிறது. தரத்தைப் பற்றியோ, உள்ளே இருக்கும் எண்ணெயின் பாகுநிலையைப் பற்றியோ அது எதுவும் சொல்லாது. இரண்டு டப்பாக்களிலும் 2 என்று இருந்தாலும் ஒன்றில் மெல்லிய எண்ணெயும் மற்றதில் தடித்த எண்ணெயும் இருக்கக்கூடும். 2 என்று கண்டதும் வாங்கிவிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

பாகுநிலை ஏன் முக்கியம்? ஈரச் சாலையில் வேகமாகப் போகும் டயர் தண்ணீர்மேல் மிதந்து வழுக்குவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வேகமாகச் சுழலும் பேரிங்கிலும் இப்படியே எண்ணெய் இழுத்து வரப்பட்டு, உலோகம் உலோகத்தைத் தொடாமல் தூக்கி நிறுத்துகிறது. முன் சக்கரத்தைத் திருப்பும் 'கிங்பின்' என்ற தண்டை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது முழுச் சுற்றுச் சுற்றுவதே இல்லை. சில டிகிரி இப்படியும் அப்படியும் மெதுவாகத் திரும்புகிறது. பஸ்ஸின் முன் அச்சில் நான்கு டன் சுமை என்றால் ஒவ்வொரு கிங்பின்னுக்கும் இரண்டு டன்! இந்த வேகத்தில் எண்ணெய்ப் படலம் உருவாக முடியாது. ஆகவே தடித்த எண்ணெயும், மிகை அழுத்தத்தைத் தாங்கும் சேர்மானங்களும் தேவைப்படுகின்றன. மாலிப்டினம் டைசல்பைடு என்ற கரிய பொடி அவற்றில் ஒன்று. கிராஃபைட்டைப் போல இதுவும் அடுக்கடுக்கானது. அடுக்குகள் சீட்டுக்கட்டைப் போல ஒன்றன்மேல் ஒன்று நழுவும். எண்ணெய் விலகிப் போனாலும் இந்த அடுக்குகள் இடையில் நின்று காக்கும்.

அப்படியானால் எல்லா இடத்துக்கும் கறுப்பு கிரீசே போட்டுவிடலாமே என்று தோன்றும். கூடாது. காற்று பிரேக்கில் 'ஸ்லாக் அட்ஜஸ்டர்' என்று ஓர் உறுப்பு உண்டு. தேய்மானத்துக்கு ஏற்பத் தானே சரிசெய்து கொள்ளும் வகைக்கு மாலிப்டினம் கலந்த கிரீஸ் போடக் கூடாது என்று சில தயாரிப்பாளர்களின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் பிடிப்பு உறுப்பு வேலை செய்யவே உராய்வு வேண்டும்! உராய்வு எப்போதும் எதிரி என்று நினைத்தவர் அங்கே பிரேக்கை இழப்பார்.

அதைவிடப் பெரிய தவறு கலப்படம். பழைய கிரீஸ் லிதியம் சோப்பு, புதியது களிமண்ணால் கெட்டியாக்கப்பட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். தனித்தனியே இரண்டும் நல்ல சரக்கு. கலந்தால் பின்னல் குலைந்து, நீர்த்து, வழிந்து போகலாம். கம்பெனி மெக்கானிக் என்ன போட்டார் என்பது தெரியாவிட்டால், கழற்றக்கூடிய பேரிங்குகளைக் கழற்றிக் கழுவிப் புதிதாக நிரப்புவதே நல்லது. மற்ற இடங்களில், பழையது முழுவதும் வெளியே வந்து புதியது எட்டிப் பார்க்கும்வரை செலுத்த வேண்டும். அதன் பிறகு வகையை மாற்றவே கூடாது. விலை உயர்ந்த கிரீஸை மாற்றி மாற்றிப் போடுகிறவரைவிட, நடுத்தரமானதைத் தவறாமல் போடுகிறவரின் பஸ் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து.

பிரேக்கை இயக்கும் எஸ் வடிவக் கேம் தண்டில் மட்டும் 'எட்டிப் பார்க்கும்வரை' என்ற விதியைக் கவனமாகப் பின்பற்ற வேண்டும். அங்கே கிரீஸ் ஸ்லாக் அட்ஜஸ்டர் பக்கமாகத்தான் வெளிவர வேண்டும். சக்கரத்தின் பக்கம் போனால் பிரேக் லைனிங் நனைந்துவிடும்.

கிரீஸ் கன்னில் நெம்புகோலும் பாஸ்கல் விதியும் கைகோத்து நிற்கின்றன. கைப்பிடியை 20 கிலோகிராம் எடையளவு விசையோடு அழுத்துகிறீர்கள். நெம்புகோல் அதை 15 மடங்காக்குகிறது என்று வைத்துக் கொள்வோம். 300 கிலோகிராம் ஆயிற்று. அது 9 மி.மீ. விட்டமுள்ள உலக்கையைத் தள்ளுகிறது. உலக்கையின் பரப்பு ஏறத்தாழ 0.64 சதுர செ.மீ. அழுத்தம் சதுர செ.மீட்டருக்கு 470 கிலோகிராம் அளவுக்கு வரும்! பஸ் டயரில் இருப்பது சுமார் 7தான். மூடியிருக்கும் சீலை இது பிய்த்துவிடும். குழாயில் ஊசிமுனைத் துளை விழுந்திருந்தால், பீறிடும் கிரீஸ் தோலைத் துளைத்து விரலுக்குள் புகுந்துவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். வலிகூட முதலில் இருக்காது. ஆயினும் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். ஆகையால் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது.

இன்னோர் ஆபத்து தலைக்கு மேலேயே இருக்கிறது. சீனிக்ரூஸர் போன்ற பஸ்கள் காற்றுப் பைகளின்மேல் நிற்கின்றன. நின்றிருக்கும்போது காற்று கசிந்தால் பல டன் எடையுள்ள உடல் சட்டென்று கீழே இறங்கும். அடியில் இருப்பவருக்கு மூச்சுவிடவும் இடமிராது. இப்படி இறந்தவர்கள் உண்டு. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சட்டத்துக்கு அடியில் உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்த பிறகே உள்ளே போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. சில முன் அச்சுகளின் கையேடுகள் எடையை நீக்கிய நிலையில் கிரீஸ் செலுத்தச் சொல்கின்றன. சுமை அழுத்தி மூடியிருக்கும் முகத்துக்குள் கிரீஸ் புகாது என்பதே காரணம். அப்போதும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? கையேட்டில் மைல் கணக்கு இருக்கும். தினமும் ஓடிய பஸ்ஸுக்கு அது சரி. வீடாகிய பஸ் மாதக் கணக்கில் மரத்தடியில் நிற்கிறது. நிற்கும்போது எண்ணெய் பஞ்சிலிருந்து பிரிந்து ஒழுகுகிறது. இரவுக் குளிரில் ஈரம் படிந்து துருவாகிறது. ஆகவே ஓடாவிட்டாலும் மாதக் கணக்கு வைத்துக் கொள்ள வேண்டும். நீண்ட நாள் நின்ற பிறகு புறப்படுமுன் ஒருமுறை செலுத்திவிட்டால் ஈரமும் வெளியேறிவிடும்.

முதலில் நிப்பிளைத் துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் அதன்மேல் உள்ள மண்ணே முதலில் உள்ளே போகும். பிறகு வெளிவரும் பழைய கிரீஸை விரலில் எடுக்காமல் வெள்ளைக் காகிதத்தில் தடவி வெயிலில் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் துரு. மினுமினுவென்று பொடி தெரிந்தால் அந்த மூட்டு தேய்ந்துகொண்டிருக்கிறது; அதற்கு கிரீஸ் போதாது, கழற்றித்தான் பார்க்க வேண்டும்.